விடுப்பு முடிந்து வரும் முதல் நாள்

விருதுநகர் மாவட்டத்தில் தொழிலால் வரும் ஆபத்து என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் பட்டாசுதான் நினைவுக்கு வருகிறது. அதில் நியாயம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்குக் கணக்கில்லை. வெடித்தால் ஊருக்கே கேட்கும், மறுநாள் செய்தித்தாளில் வரும். இதே மாவட்டத்தில் ராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் இரவு பகலாக ஓடும் நூற்பாலைகளில் பறக்கும் பஞ்சுத்தூசி அப்படிச் செய்தியாவதில்லை. அது சுவாசக்குழாயை மெல்ல மெல்ல இறுக்குகிறது. பத்திருபது ஆண்டு கழித்து ஒருவர் மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கும்போது, அதை மில் வேலையோடு சேர்த்துப் பார்ப்பவர் அநேகமாக யாரும் இருப்பதில்லை.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியின் வாழ்க்கை பஞ்சோடு பிணைந்தது. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி நாட்டின் பல மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. யாரோ ஒருவரின் காயத்தைக் கட்டும் துணியை நெய்கிறவரின் நுரையீரலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடையில் செவிலியருக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது, இன்று அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடமோ மிகச் சிறியது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

பஞ்சுத்தூசியால் வரும் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். பஞ்சு என்று நாம் சொன்னாலும் கெடுதல் செய்வது வெள்ளை இழை மட்டுமல்ல. அதோடு ஒட்டிவரும் காய்ந்த இலைத்துணுக்கு, பூவடிச்செதில், அவற்றின்மேல் வளர்ந்த பாக்டீரியாக்கள், அந்தப் பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் ஆகியவைதான் முதன்மைக் குற்றவாளிகள் என்று பல ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பேல் பிரிக்கும் மிக்சிங், அடித்துத் துப்புரவாக்கும் புளோ ரூம், சீவியெடுக்கும் கார்டிங் ஆகிய இடங்களில் தூசி அதிகம். சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போகப்போகக் குறையும். கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஆலைகளில் தூசி பெரும்பாலும் எல்லா இடத்திலும் அதிகம்தான்.

இந்த நோயை மற்ற நுரையீரல் நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் நாட்கணக்கு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு முட்டும். மறுநாள் குறையும், வாரக் கடைசியில் மறந்தே போகும். மறுவாரம் முதல் நாள் மீண்டும் வரும். உடம்பு தூசிக்குத் தற்காலிகமாகப் பழகுவதும், ஓய்வெடுத்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போவதும்தான் இதற்குக் காரணம். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நாட்கணக்கை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். எப்போதாவது முதல் நாளில் மட்டும் இறுக்கம் என்பது அரைப் படி. ஒவ்வொரு முதல் நாளும் வந்தால் முதல் படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்றாம் படி. அரைப் படியில் பிடித்தால் மனிதர் பிழைத்துக்கொள்வார். மூன்றாம் படியில் பிடித்து என்ன செய்ய? மருந்து கொடுத்து ஓரளவு ஆற்றலாம், இழந்ததைத் திருப்பித் தர முடியாது.

ஆக, நோயைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது கருவி அல்ல, கேள்வி. எந்த நாளில் இறுகுகிறது? லீவு முடிந்து வந்த அன்றா? ஊருக்குப் போயிருந்தபோது எப்படி இருந்தது? எக்ஸ்ரே இங்கே கைகொடுக்காது. சிலிக்கோசிஸ் நோயில் நுரையீரலில் முடிச்சுகள் தெரியும். பிசினோசிஸில் அப்படித் தனி அடையாளம் எதுவும் படத்தில் விழுவதில்லை. தொழிலாளி இருமலோடு போகிறார், சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, "ஒண்ணுமில்லை, சளிதான்" என்று இருமல் மருந்தோடு திரும்புகிறார். நாள் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தவர் செய்த பிழை அது. இந்தியாவில் இந்த நோய் அரிது என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியதற்கும் இதுவே ஒரு காரணம். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் எஸ்.ஆர். காமத்தும், அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனமும் ஆலைத் தொழிலாளர்களிடம் நேரடியாகக் கேட்டும் அளந்தும் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் உடைந்தது.

மேல்நாட்டுப் புத்தகங்களில் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே எழுதுவார்கள். ஞாயிறு முழு ஆலைக்கும் விடுமுறை, திங்கள் வேலை என்ற ஒழுங்கில் பிறந்த பெயர் அது. நம் ஆலைகளில் மிஷின் நிற்பதில்லை, வார ஓய்வு ஆளுக்கு ஒரு நாளாகச் சுழல்கிறது. ஒருத்திக்குப் புதன், இன்னொருத்திக்கு வெள்ளி. அச்சடித்த படிவத்தில் "திங்கட்கிழமை மார்பு இறுக்கம் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், சொல்வது உண்மையும்கூட. ஆலை வளாகத்து விடுதியில் தங்கி, மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் சிக்கல். ஓவர்டைம் பார்த்து ஓய்வு நாளையும் விட்டுக்கொடுத்தால் முதல் நாள் என்பதே அவர்களுக்கு இல்லாமல் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கும் அதேதான். இவர்களுக்கு முதல் நாள் என்பது பொங்கல் லீவு முடிந்து வரும் நாள், தீபாவளி முடிந்து வரும் நாள், தங்கை கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய நாள். அந்த நாள் ஒவ்வொருவருக்கும் எது என்பது மாதம் ஒருமுறை வந்து கையெழுத்திட்டுப் போகும் மருத்துவருக்குத் தெரியாது. மூன்று ஷிப்டிலும் கூடவே இருக்கும் செவிலியருக்குத் தெரியும்.

சட்டம் செவிலியருக்கு ஓர் அறையைக் கொடுத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ, செவிலியப் பணியாளர் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 500 மாறவில்லை. அறையின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. விரல் நசுங்கினால், மயக்கம் போட்டால், வண்டி வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றன்றைக்கு வரும் விபத்துக்கான ஏற்பாடு அது, ஆண்டுக்கணக்கில் வளரும் நோய்க்கானதல்ல. அங்கே இருக்கும் பதிவேட்டைப் பாருங்கள்: தேதி, பெயர், தலைவலி, மாத்திரை ஒன்று, கையெழுத்து. எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது லீவு என்பதற்குக் கட்டமே இருக்காது.

செவிலியரே இல்லாத இடங்களில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்துவந்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தி மாதவிடாய் பற்றியது. நுரையீரலுக்கும் அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. உற்பத்தி நிற்கக் கூடாது என்பவர் கையில் மாத்திரை இருந்தால், அறிகுறி அடக்கப்படும், கவனிக்கப்படாது.

தொழிற்சாலைச் செவிலியம் தொடங்கியபோது இப்படிக் குறுகியதாக இல்லை. 1878இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கோல்மன் கடுகு ஆலை பிலிப்பா ஃபிளவர்டே என்ற செவிலியரைப் பணியில் அமர்த்தியது. அவர் காலையில் ஆலை மருந்தகத்தில் மருத்துவருக்கு உதவுவார், பிற்பகலில் நோயுற்ற தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போவார். ஆலையையும் வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கும் வேலை. நம் ஊரில் அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. மில்லுக்குள் ஆம்புலன்ஸ் அறைச் செவிலியர், ஊருக்குள் கிராம சுகாதாரச் செவிலியர். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது.

மூச்சை அளக்கும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செவிலியரின் திறமை எங்கே தேவைப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஸ்பைரோமீட்டர் என்பது மேசைமேல் வைக்கும் சிறிய கருவி. காலையில் மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தவரின் உயரத்தைச் செருப்பைக் கழற்றச் சொல்லி அளக்க வேண்டும், அவர் சொல்லும் உயரத்தை எழுதக் கூடாது. இருமலில் ரத்தம் வந்ததா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, காசநோய்ச் சந்தேகம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். உண்டு என்றால் இன்று ஊதக் கூடாது. பிறகு நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் கிளிப் போட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வச் சொல்லி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கவைத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ளச் சொல்ல வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்" என்று ஆறு விநாடி குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தடவை யாருக்கும் சரியாக வராது. வாயோரம் காற்று கசியும், பாதியில் சிரிப்பு வரும், இருமல் வரும். வெட்கப்படும் பெண் மெல்ல ஊதுவாள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் அரை மூச்சைத்தான் இழுப்பார், அல்லது அதற்கு நேர்மாறாக நோயை மறைக்க உயிரைக் கொடுத்து ஊதுவார். கிராஃபில் கோடு செங்குத்தாக எழுந்து ஒழுங்காகச் சரிகிறதா என்று பார்த்து, ஒப்புக்கொள்ளத்தக்க மூன்று ஊதல்களாவது கிடைக்கும்வரை விடக் கூடாது. சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அவசரப்படுகிற டெக்னீஷியன் எடுத்த எண்ணும், தொழிலாளியின் நம்பிக்கையைப் பெற்ற செவிலியர் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. கருவி அளப்பது நுரையீரலை மட்டுமல்ல, அந்த இருவருக்கும் இடையே உள்ள நம்பிக்கையையும்தான்.

நாட்கணக்கு இங்கும் திரும்ப வருகிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 1978இல் கொண்டுவந்த பஞ்சுத்தூசி விதி, அளக்க வேண்டிய நேரத்தையே வரையறுத்தது. குறைந்தது 35 மணி நேரம் தூசியே படாமல் இருந்தபின், வேலை வாரத்தின் முதல் நாளில் உள்ளே நுழைவதற்கு முன் ஒருமுறை, ஷிப்ட் தொடங்கி நான்கு மணி நேரத்துக்குக் குறையாமலும் பத்து மணி நேரத்துக்கு மிகாமலும் மறுமுறை. முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு, மருத்துவர்கள் எஃப்.இ.வி.1 என்பது, இந்த இரண்டுக்கும் இடையில் 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்தால் அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கார்டிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் காலையில் 2.40 லிட்டர் ஊதுகிறார், மாலையில் 2.16 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலை எண்ணை மட்டும் பார்த்தால் உயரம் குறைவான பெண்ணுக்கு இது போதும் என்று மருத்துவர் விட்டுவிடுவார். காலை எண்ணும் பக்கத்தில் இருந்தால் ஒரே பகலில் பத்து சதவீதம் போயிருப்பது தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை முகாம் போட்டு, கிடைத்த நேரத்தில் கிடைத்தவரை ஊதவைத்து எடுக்கும் எண்ணால் இந்த நோயைப் பிடிக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

ஸ்பைரோமீட்டர் இல்லாத இடத்தில் பீக் ஃபுளோ மீட்டர் என்ற எளிய, மலிவான குழாய் உண்டு. தொழிலாளியிடமே கொடுத்து, ஒரு நாளைக்கு நான்கு முறை, வேலை நாளும் ஓய்வு நாளும் சேர்ந்து வரும்படி இரண்டு வாரமாவது ஊதி எழுதச் சொல்லலாம். எழுதிவரும் எண்களை வரைபடமாக்கினால் வேலை நாட்களில் பள்ளமும் ஓய்வு நாட்களில் மேடும் தெரிகிறதா என்று பார்க்கலாம். எழுதப்படிக்கத் தெரிந்த, விடுதியில் தங்கியிருக்கும் பெண்களிடம் இது நன்றாக நடக்கும். இரண்டு வாரம் விடாமல் கேட்டு வாங்குகிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

குறைந்த எண் கிடைத்தபிறகு என்ன? வேலை போகும் என்றால் யாரும் உண்மையாக ஊத மாட்டார்கள். தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றும்போது கூலி குறையுமானால் அறிகுறியை மறைப்பார்கள். அமெரிக்க விதியில், முகக்கவசம் அணிய முடியாதவரை வேறு வேலைக்கு மாற்றினால் கூலி குறையக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். ஆலை முதலாளிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் தூசி அளவு வரம்பை உறுதிசெய்தது, கூலி உத்தரவாதத்துக்குத் தகுந்த காரணம் காட்டப்படவில்லை என்று அதை மட்டும் நிறுத்திவைத்தது. தூசியைப் பற்றிய வழக்கில் கூலியும் இருந்தது தற்செயல் அல்ல. செவிலியரின் அறைக்குள் நடக்கும் ஒவ்வொரு ஊதலிலும் அந்தக் கூலி இருக்கிறது. ராஜபாளையத்து ஆலை ஒன்று இன்றைக்கு மூச்சுப் பரிசோதனை தொடங்குவதாக இருந்தால், கார்டிங்கிலிருந்து கோன் வைண்டிங்குக்கு மாற்றப்படுபவருக்கு அதே கூலி என்று முதலில் எழுத்தில் தர வேண்டும். அது இல்லாத பரிசோதனை ஆள்குறைப்புக்கு வழியாகத்தான் முடியும்.

மாற்றினால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று சாங்காய் நகரில் கிடைத்தது. ஹார்வர்டின் டேவிட் கிறிஸ்டியானியும் சீன ஆய்வாளர்களும் 1981இல் தொடங்கி, பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். பஞ்சாலையில் இருந்தவர்களின் மூச்சுத்திறன் வேகமாகக் குறைந்தது. தூசியை விட்டு விலகியவர்களிடம் அந்தச் சரிவு தணிந்தது, ஓரளவு மீட்சியும் தெரிந்தது. புகை பிடித்தவர்களுக்கு மீட்சி குறைவு. மருத்துவமனை மருந்தைவிட, வேலை செய்யும் இடத்தை மாற்றும் முடிவும் பீடியை விடவைக்கும் பேச்சும் அதிகப் பலன் தரும் நோய் இது. இரண்டும் செவிலியரின் எல்லைக்குள் வருபவை.

எல்லைக்குள் வரும் இன்னொன்று, கண்ணால் பார்ப்பது. ஷிப்ட் முடிவில் மிஷினில் படிந்த பஞ்சைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. கீழே படிந்திருந்த நுண்தூசி முழுக்க அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சு உயரத்துக்கு வந்துவிடும். வேறு வழி இருக்கும் இடத்தில் இப்படி ஊதக் கூடாது என்று மேற்சொன்ன அமெரிக்க விதி தடுத்தது. உறிஞ்சும் குழாய் வைக்கச் சொல்லி எழுதித் தருவது பொறியாளர் வேலை என்று விட்டுவிடத் தேவையில்லை. எந்த நேரத்தில் யாருக்கு இருமல் வருகிறது என்ற செவிலியரின் குறிப்புதான் அந்தப் பொறியாளருக்கு ஆதாரம். அதேபோல் முகத்தில் கட்டும் துண்டு. அது பறக்கும் பஞ்சைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தடுக்காது. வெக்கையில் எட்டு மணி நேரம் நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்வதும் எளிதல்ல. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சியெடுப்பதுதான் முதல் வழி, கவசம் கடைசி வழி.

வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை தூசி வேலை நடக்கும் பல இடங்களில் உண்டு. லக்னோவில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 1994இல் வெளியாயிற்று. வெல்லம் கொடுத்த எலிகளின் நுரையீரலிலிருந்து தூசித் துகள்கள் கூடுதலாக வெளியேறியதாக அது சொன்னது. எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. பஞ்சுத்தூசி செய்யும் தீங்கு துகள் தேங்குவதால் மட்டும் வருவதும் அல்ல. நல்ல செவிலியர் வெல்லத்தைக் கேலி செய்ய மாட்டார். "சாப்பிடுங்க, ஆனா லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு நெஞ்சு இறுகினா என்கிட்ட வந்து சொல்லுங்க" என்பார். தொழிலாளி திரும்ப வருவதற்கு அந்தப் பேச்சு போதும்.

பிசினோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது பெயரோடு இருந்தது. ஆலை நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியது, புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இது இழப்பீட்டுக்குரிய நோயாக இருந்தது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அறிவிக்க வேண்டியவர் பட்டியலில் செவிலியர் இல்லை. முதலில் கவனிக்கிறவருக்குச் சொல்லும் கடமையும் இல்லை, சொன்னால் பாதுகாப்பும் இல்லை. நிர்வாகம் சம்பளம் தரும் செவிலியரிடம் நிர்வாகத்துக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லச் சொல்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொழில்சார் உடல்நலத்துக்கான சர்வதேச ஆணையத்தின் நெறிமுறைகள் ஒரு வழி காட்டுகின்றன. நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியது இன்னார் இன்ன வேலைக்குத் தகுதி, இன்ன வேலைக்குத் தகுதியில்லை என்பது மட்டுமே. நோயின் பெயரும் குறிப்பேடும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் இருக்க வேண்டும். மேசைமேல் திறந்து கிடக்கும் பதிவேட்டில், வருகிற மேஸ்திரியெல்லாம் புரட்டிப் பார்க்கும் இடத்தில் அதை எழுதக் கூடாது.

இழப்பீடு கேட்டுப் போகும் தொழிலாளியின் கையில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்தக் குறிப்பேடுதான். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பிரிவு என்று இ.எஸ்.ஐ. சிறப்பு மருத்துவக் குழு கேட்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கு ஆலையின் பதிவில் பெயரே இருக்காது. ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பிரிவு மாறிய தேதிகள், ஊதி எடுத்த எண்கள், முதல் நாள் அறிகுறிகள், வேலையை விட்டுப் போகும்போது அவர் கையிலேயே ஒரு நகல். செலவு சில ரூபாய்.

ஆலைக்குள் மட்டும் தேடினால் நோயாளிகள் அகப்பட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முடியாதவர்கள் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1975இல் உருவான பிரவுன் லங் (பிசினோசிஸின் அமெரிக்க வழக்குப் பெயர்) சங்கம் ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கென்று மூச்சு முகாம்களை நடத்தியது. அதுவரை உங்களுக்கு வெறும் எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய்தான், மில்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கே தங்கள் நோயின் காரணத்தை அறிந்தார்கள். அருப்புக்கோட்டையிலும் ராஜபாளையத்திலும் மில்லில் வயதைக் கழித்துவிட்டுத் திண்ணையில் இளைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைத் தேடிப்போகும் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவருகிறது. அதே வருகையில் மூன்று கேள்விகள் சேர்க்கலாம்: மில்லில் வேலை பார்த்தீர்களா, எந்தப் பிரிவில், லீவு முடிந்து போன அன்று நெஞ்சு இறுகுமா. சத்திரப்பட்டித் தறிக்கூடங்களுக்கும் இதுதான் வழி. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடக்கும் கூடங்கள் இ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஆம்புலன்ஸ் அறை ஒருநாளும் வரப்போவதில்லை. தறி ஓடுவது பல இடங்களில் வீட்டை ஒட்டியே. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியைப் பார்க்கப் போகும் வீட்டிலேயே தறித்தூசியும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து இருக்கின்றன.

இனி சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஊரறிந்தது. அதிலிருந்து வளர்ந்த பட்டாசுத் தொழிலில் செவிலியம் என்றால் தீக்காயம்தான். அது சரியான முதலிடம்தான். ஆனால் வெடிமருந்து அறையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களின் கையும் முகமும் அலுமினியப் பவுடரால் வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல் மின்னுவதைப் பார்த்தவர்கள், அது மூக்குவழியே எவ்வளவு போயிருக்கும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில், பட்டாசு ரகத்து நுண் அலுமினியச் செதில் தூளில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறும் நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. செதில்மேல் ஸ்டியரின் என்ற கொழுப்புப் பூச்சு இருந்தவரை தீங்கு குறைவாக இருந்தது. அதற்குப் பதில் கனிம எண்ணெய் பூசிய தூள் ஆபத்தானதாக மாறியது, எண்ணெய்ப் பூச்சுக்குள் இருந்த உலோகம் நுரையீரல் ஈரத்தோடு வினைபுரிந்ததால். பவுடர் டப்பாவில் என்ன பூச்சு என்று கேட்டு எழுதிவைப்பதும் செவிலியரின் வேலைப் பட்டியலில் சேரலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது வெளியில் காற்றை மாசாக்குவதை வைத்து. அந்த உப்பையே நாள்முழுக்கக் கையால் அள்ளியவர்களின் மூச்சைப் பற்றிய பேச்சு அந்தளவுக்கு எழவில்லை.

பட்டாசுக்கு ஒரு வசதி இருக்கிறது. தீபாவளியை ஒட்டி ஆலைகள் சில வாரம் மூடி, பூஜை போட்டுத் திரும்பத் திறக்கின்றன. தூசி படாத அந்த இடைவெளி முடியும் நாளில் எல்லோரையும் ஒருமுறை ஊதவைத்து எண்ணை எழுதிக்கொண்டால், அடுத்த தீபாவளிக்கு முன் எடுக்கும் எண்ணோடு ஒப்பிடலாம். பஞ்சாலைகளில் ஆளுக்கு ஒரு நாளாகச் சிதறிக் கிடக்கும் முதல் நாள், சிவகாசியில் ஊருக்கே ஒரு நாளாக வருகிறது. சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தால் அந்த ஒரு வாரத்துக்குச் செவிலிய மாணவர்களும் கருவிகளும் கிடைப்பது கடினமல்ல.

விருதுநகர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருவதாக 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. நூற்பிலிருந்து ஆயத்த ஆடைவரை ஒரே வளாகத்தில் கொண்டுவருவது திட்டம். சாலை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் வளாகத்துக்குப் பொதுவாகத் திட்டமிடப்படுகின்றன. மூச்சுப் பரிசோதனை அறையும் அதே பொதுவசதிப் பட்டியலில் வரலாம். ஆலை ஆலையாக 500 பேர் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, செவிலியரின் சம்பளம் எந்த ஓர் ஆலை முதலாளியிடமிருந்தும் வரத் தேவையுமில்லை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் பேல் பிரிக்கும் கூடத்துக்குள் காலடி வைப்பதற்கு முன் ஒருமுறை ஊதி, அந்த எண் அவர் அட்டையில் ஏற வேண்டும். ஏற்கெனவே ஓடும் ஆலைகளில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு தூசி படாத தொடக்க எண்ணை இனி எடுக்கவே முடியாது. பூங்காவில் சேரப்போகிறவர்களுக்கு எடுக்கலாம், வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு செவிலியருக்கும் நாற்காலி போட்டுவைத்தால்.